கீறாதீர்கள், நிறுத்துப் பாருங்கள்

கல் பேசும் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. என் மாமியார் காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பச்சைக் கல் பதக்கத்தை என் கையில் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும். ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட இரண்டு மீன்கள். இடையிடையே கல்லைக் குடைந்து திறப்பு வைத்திருக்கிறார்கள். மேலே கயிறு கோக்க ஒரு துளை. “இது ஜேட், பத்திரம்” என்று மட்டும் சொன்னார்கள். விவரம் தெரிந்தவர் என்று நான் காட்டிய ஒருவர் ஜேட்தான் என்றார், இன்னொருவர் வெறும் கண்ணாடி என்றார். கத்தி முனையால் கீறினால் தெரிந்துவிடும் என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன கல்?

பதில்: உங்களுக்கு மனசு வராமல் போனது அந்த மீன்கள் செய்த புண்ணியம்.

இந்தக் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. உடனே பதில் எழுதாமல் அந்த வாசகியிடம் மூன்று விவரங்கள் கேட்டேன். படத்தை மட்டும் வைத்துக் கல்லுக்குப் பெயர் சொல்வதில்லை என்பது நான் விடாமல் வைத்திருக்கும் வழக்கம். படத்தில் தெரிவது நிறம். பச்சை நிறத்திலோ ஒரு ஊர்க் கூட்டமே இருக்கிறது: நெஃப்ரைட், ஜேடைட், செர்பன்டைன், அவென்சுரின், சாயம் ஏற்றிய சால்செடனி, மாவுக்கல், கண்ணாடி, பிசின் வார்ப்பு. இத்தனை பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்வது எப்படி?

நான் கேட்டவை இவை. உலர்ந்த நிலையில் பதக்கத்தின் எடை. தண்ணீருக்குள் தொங்கவிட்டால் தராசு காட்டும் எண். விளிம்புகளையும் துளையின் உட்புறத்தையும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் என்ன தெரிகிறது என்பது.

இரண்டாவது விவரத்தை எடுக்கும் முறையை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். பொருளை நன்றாகத் துடைத்து நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருளை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுவதும் அமிழ வேண்டும், ஆனால் கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. நூலை உங்கள் கையோ ஒரு குச்சியோ தாங்க வேண்டும். அப்போது தராசு ஓர் எண்ணைக் காட்டும். பொருள் விலக்கிய தண்ணீரின் எடை அது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், அந்த எண்ணே பொருளின் கன அளவும் ஆகிவிடுகிறது. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது ஒப்படர்த்தி: அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு. ஆர்க்கிமிடீஸ் காலத்து அறிவு. இருபத்தாறு வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்த எனக்கு இன்றைக்கும் முதலில் கை போவது இந்தத் தராசுக்குத்தான்.

குடைவு வேலை உள்ள பொருளில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். குமிழி இருந்தால் கல் உள்ளதைவிட லேசாகத் தெரியும். மெல்லிய தூரிகையால் தண்ணீருக்குள்ளேயே தடவி விடுங்கள். மூன்று முறை நிறுத்துப் பாருங்கள்.

அந்த வாசகி மூன்று முறையும் செய்து எழுதியிருந்தார். உலர்ந்த எடை 94.3 கிராம். தண்ணீரில் 36.4, 36.5, மறுபடி 36.4. வகுத்தால் 2.59.

இந்த எண் வந்ததும் பாதி வழக்கு முடிந்தது. ஜேட் என்ற பெயருக்கு உரிமையுள்ள கனிமங்கள் இரண்டே. நெஃப்ரைட்டின் ஒப்படர்த்தி 2.95-ஐ ஒட்டி இருக்கும். ஜேடைட்டுக்கு 3.3-க்கு மேல். உங்கள் மீன்கள் நெஃப்ரைட்டாக இருந்திருந்தால் தராசு 32 கிராம் அளவில் நின்றிருக்கும். ஜேடைட் என்றால் 28 சொச்சம். பத்தில் ஒரு கிராம் கை தவறலாம். நான்கு கிராம் தவறாது. ஆகவே இது ஜேட் இல்லை. சுற்றி வளைத்துச் சொன்னால் மனம் எதையாவது பிடித்துக்கொள்ளும் என்பதால் நேராகவே சொல்கிறேன்.

அப்படியானால் என்ன? 2.59-இல் வந்து நிற்கக்கூடியவை செர்பன்டைன், சால்செடனி, சில வகைக் கண்ணாடி. அவென்சுரின் சற்றுத் தள்ளி 2.65-இல் நிற்கும். அதில் மைக்காத் துகள்கள் மினுமினுக்கும். உங்கள் கல்லில் மினுமினுப்பு இல்லை என்கிறீர்கள்.

இனி லென்ஸ். நீங்கள் எழுதி அனுப்பிய குறிப்பு என்னை மிகவும் மகிழ்வித்தது. பல வருடம் பழகியவர்கள்கூட இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதில்லை. “குமிழி எங்கும் இல்லை. ஓரத்தில் ஒட்டுக்கோடு இல்லை. துளைக்குள் வளையம் வளையமாகக் கோடு. ஒரு வால் நுனி பெயர்ந்திருக்கிறது, அந்த இடம் மெழுகை வெட்டியது போல மங்கலாக இருக்கிறது. முதுகிலும் துடுப்பு நுனியிலும் மயிரிழைக் கீறல்கள். உள்ளே வெண்மேகம் போலத் திட்டு, நடுநடுவே கறுப்புப் புள்ளி.”

ஒவ்வொன்றாக எடுப்போம். கண்ணாடியை அச்சில் வார்த்திருந்தால் ஒட்டுக்கோடும் வட்டக் குமிழிகளும் காணக் கிடைக்கும். உடைந்த இடம் சிப்பியின் உட்புறம் போல வளைந்து பளபளக்கும். உங்களுடையது மங்கலான மெழுகுப் பரப்பு. கண்ணாடி விலகியது. சால்செடனியும் மெழுகு போல உடையக்கூடியதுதான், ஆனால் கீறலுக்குத் தாங்குவதைப் பத்துப் படியில் அளந்தால் அதன் கடினத்தன்மை 6.5 முதல் 7. சாவியோடு பையில் கிடந்தாலும், வளையலில் உரசினாலும் அதில் கீறல் விழாது. உங்கள் மீன்களின் முதுகோ, தொட்டுத் தொட்டுத் தேய்ந்திருக்கிறது. உயர்ந்து நிற்கும் இடங்களில் மட்டும் மழுங்கலும் கீறலும் இருந்தால், கல் மிருதுவானது என்பதை வாழ்க்கையே கீறிப் பார்த்துச் சொல்லியிருக்கிறது என்று பொருள். உங்கள் மகன் கத்தியை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மேகத் திட்டும் கறுப்புப் புள்ளியும் செர்பன்டைனில் அடிக்கடி பார்ப்பவை. அந்தக் கறுப்பு பெரும்பாலும் குரோமைட் அல்லது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமமாக இருக்கும்.

உங்கள் பதக்கம் செர்பன்டைன். அதிலும் ஒளி கசியும் கெட்டியான வகைக்குப் போவனைட் என்று பெயர். உங்களுடையது அதுவாக இருக்க வாய்ப்பு மிகுதி. எழுத்துப்பூர்வமாக உறுதி வேண்டுமானால் ரத்தினக்கல் ஆய்வுக்கூடத்தில் ஒளிவிலகல் எண்ணையும் ராமன் நிறமாலையையும் கேளுங்கள். ராமன் சோதனையில் லேசர் ஒளியைக் கல்மேல் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் படிக்கிறார்கள். ஒரு துகள்கூட எடுக்க வேண்டியதில்லை.

கீறல் சோதனையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ஃப்ரீட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படி அளவுகோல் அருமையான கருவி. ஆனால் அது உடைந்த பாறைத் துண்டுகளுக்கானது. கத்தி எஃகு ஏறக்குறைய 5.5. கத்தியால் கீறி விழவில்லை என்றால் ஜேட் என்று முடிவு கட்டுவார்கள். போவனைட்டில் சில துண்டுகள் கத்திக்கு அசையவே அசையாது! கீறல் விழுந்தால் பொருள் கெட்டது, விழாவிட்டால் தவறான பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் நஷ்டம்தான். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். பிசின் கருகும் என்பது உண்மை. மெழுகு பூசிய நல்ல கல்லிலும் தழும்பு விழும் என்பதும் உண்மை.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஒரு கீறல் போட்டிருக்கிறேன். வெண்ணிறத்தில் செதுக்கிய ஒரு சிறு பறவை. நெஃப்ரைட் என்றே நம்பி, அடிப்பாகத்தில் யாருக்கும் தெரியாத இடம் என்று நினைத்து, கீறிப் பார்க்கும் கடினத்தன்மைப் பேனாவை வைத்தேன். மாவு போல உதிர்ந்து பள்ளம் விழுந்தது, அது மாவுக்கல். அந்தப் பள்ளம், செதுக்கியவர் நகக்கண் அளவில் பொறித்திருந்த ஓர் அடையாளத்தின் குறுக்கே போயிருந்தது. அழுக்கு படிந்திருந்ததால் நான் கவனிக்கவில்லை. அதைக் கொண்டுவந்த பெரியவர் கோபப்படவில்லை. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த விரல் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கே என் ஆசிரியர் ஒரு பழக்கத்தைக் கொடுத்தார்: கல்லை வாங்கியதும் கண்ணை மூடி உள்ளங்கையில் வைத்து, கனம் சொல்வதைக் கேள், பிறகு தராசு, பிறகு லென்ஸ், அதற்குப் பிறகுதான் நிறத்தைப் பார் என்றார்.

உங்கள் மாமியார் சொன்னது பொய்யா என்ற கேள்வி உங்கள் இரண்டாவது கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. இல்லை அம்மா. ஜேட் என்ற பெயரின் வரலாறே குழப்பம் நிறைந்தது. “இடுப்புக் கல்” என்று பொருள்படும் ஸ்பானிய வழக்கிலிருந்து வந்த சொல் அது. இடுப்பு வலிக்கும் சிறுநீரக நோய்க்கும் மருந்தென்று நம்பி அணிந்தார்கள். சிறுநீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நெஃப்ரைட் வந்ததும் அதே நம்பிக்கையால்தான். 1863-இல் அலெக்சி தமூர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பகுத்துக் காட்டும்வரை நெஃப்ரைட்டும் ஜேடைட்டும் இருவேறு கனிமங்கள் என்றே யாருக்கும் தெரியாது. செர்பன்டைனை இன்றும் “புது ஜேட்” என்று பெயரிட்டு விற்கிறார்கள். உங்கள் மாமியாரிடம் யாரோ ஜேட் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர் உங்களிடம் சொன்னார்.

ஒன்று மட்டும் கவனம். நெஃப்ரைட்டில் நுண்ணிய நார்கள் கம்பளி போலப் பின்னிக் கிடப்பதால் சுலபத்தில் உடையாது. கீறலுக்குத் தாங்குவது வேறு, அடிக்குத் தாங்குவது வேறு. வைரம் கீறலுக்கு அசையாது, சுத்தியலுக்குப் பிளந்துவிடும். நெஃப்ரைட் குவார்ட்ஸைவிட மிருது, ஆனால் அடிக்கு அசாத்தியமாகத் தாங்கும். உங்கள் மீன்களுக்கு அந்தக் கவசம் கிடையாது. கயிற்றுத் துளைக்கு மேலே கல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் முதலில் போகும். உலோகக் கொக்கி போடாதீர்கள், பட்டுக் கயிறு போடுங்கள். எலுமிச்சை, வினிகர், நகை கழுவும் அமிலத் திரவம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் அசல் கல் என்கிறார்களே, சரியா?

பதில்: பிளாஸ்டிக்கையும் பிசினையும் விலக்க உதவும், ஏனென்றால் அவை உடம்பின் சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். கண்ணாடியும் சில்லென்றுதான் இருக்கும். அதோடு அந்தச் சோதனை முடிந்தது.

கேள்வி: வெள்ளைக் கல்லில் செதுக்கிய ஒரு ஜாடி எங்களிடம் இருக்கிறது. உள்ளே விளக்கை வைத்தால் தேன் நிறத்தில் ஒளிரும். சலவைக்கல் என்று நினைத்து சோப்புத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் பளபளப்பு போய் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டது. என்ன தவறு செய்தேன்?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லலாம், அது சலவைக்கல் இல்லை, அலபாஸ்டர். அதிலும் ஜிப்சம் வகை. ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கு மேல் கரையும். இரவு முழுக்க ஊறினால் மெருகின் தோல் முழுவதும் போயிருக்கும்.

இதில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. அலபாஸ்டர் என்று இரண்டு வெவ்வேறு கற்களைச் சொல்கிறார்கள். பண்டைய எகிப்தின் ஜாடிகளுக்குச் சொல்லும் அலபாஸ்டர் கால்சைட், அதாவது சலவைக்கல்லின் கனிமமேதான். கடினத்தன்மை 3, ஒப்படர்த்தி 2.71. ஐரோப்பியச் சிற்பங்களில் சொல்லும் அலபாஸ்டர் ஜிப்சம். கடினத்தன்மை 2, ஒப்படர்த்தி 2.32. நகம் ஏறக்குறைய 2.5 என்பதால் ஜிப்சத்தில் நகக்கீறல் விழும், கால்சைட்டில் விழாது. ஏற்கெனவே பெயர்ந்த ஓரம் அடிப்பாகத்தில் இருந்தால் அங்கே மட்டும் நகத்தை லேசாக வைத்துப் பாருங்கள். வினிகர்த் துளி விட்டால் கால்சைட் நுரைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நுரைப்பதென்றால் கல் கரைகிறது என்று அர்த்தம். செதுக்கிய பொருளின் மேல் எந்த அமிலத்தையும் விடாதீர்கள்.

இனிமேல் அதற்குத் தண்ணீரே ஆகாது. மென்மையான உலர்ந்த தூரிகை போதும். இந்த ஜாடியைத் தண்ணீரில் இறக்கி நிறுத்துப் பார்க்கும் எண்ணமும் வேண்டாம். போன மெருகை உப்புத்தாள் வைத்துத் திரும்பக் கொண்டுவர முயல வேண்டாம், செதுக்கு வேலையின் கூர்மை தேய்ந்துவிடும். கல் பாதுகாப்பில் பயின்றவரிடம் கொடுங்கள்.

கேள்வி: நீலக் கல்லில் செதுக்கிய சின்ன ஆமை. லாபிஸ் லாஜுலி என்று வாங்கினேன். நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தபோது நீலம் ஒட்டியது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: சாயம் ஏற்றியிருக்கிறார்கள், அது உறுதி. அதனால் லாபிஸே இல்லை என்று ஆகிவிடாது. வெளிறிய லாபிஸுக்கும் சாயம் போடுவார்கள். ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லை நீலமாக்கி லாபிஸ் என்று விற்பதும் உண்டு. லென்ஸில் பொன் துகள்களைத் தேடுங்கள். லாபிஸில் அது பைரைட் என்ற பொன்னிறக் கனிமம். ஒழுங்கில்லாத, கோணல்மாணலான துணுக்குகள், ஆழ்ந்து பதிந்திருக்கும். ஹவ்லைட்டில் பைரைட் இராது. சிலந்தி வலை போன்ற நரம்புகளும் அவற்றில் தேங்கிய சாயமும் தெரியும். ஆமையின் அடியில் கயிற்றுத் துளை இருந்தால் அதற்குள் பாருங்கள். சாயம் சரியாகப் போய்ச் சேராத வெள்ளை அங்கே ஒளிந்திருக்கும். இன்னொரு முறை அந்தத் திரவத்தைத் தொடவேண்டாம். உள்ள நிறமாவது மிஞ்சட்டும்.

கேள்வி: எங்களிடம் உள்ள ஸ்படிக மண்டையோடு மிகப் பழமையானது என்று சொல்லப்படுகிறது. அசல் ஸ்படிகம்தான் என்று ஆய்வுச் சான்றும் வந்துவிட்டது. அப்படியானால் பழமையும் உண்மைதானே?

பதில்: இல்லை. சான்று சொன்னது கல்லின் பெயரை. கல் பூமிக்குள் பல கோடி வருடமாகக் கிடந்திருக்கலாம். அதை மண்டையோடாக்கிய கை எந்தக் காலத்தது என்பது தனிக் கேள்வி.

உங்கள் கேள்விக்கு மிகப் பொருத்தமான சம்பவம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் மியூசியம் 1897-இல் ஒரு ஸ்படிக மண்டையோட்டை வாங்கியது. பண்டைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களுடைய வேலை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஸ்படிகம் அசல்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அங்குள்ள ஆய்வாளர்கள் பல்வரிசைக் கோடுகளை அச்செடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சுழலும் சக்கரத்தால் வெட்டிய தடம். கொலம்பஸ் வருவதற்கு முந்தைய அமெரிக்கக் கல்தச்சர்கள் அப்படிப்பட்ட சக்கரத்தைப் பயன்படுத்தியதற்குச் சான்று கிடையாது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு 1992-இல் பெயர் சொல்லாத ஒருவர் தபாலில் அனுப்பிய வேறொரு மண்டையோட்டில் சிலிக்கான் கார்பைடின் மிச்சம் ஒட்டியிருந்தது. தேய்ப்புப் பொருளாக அதைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கியதே 1890-களில்தான். இந்த ஆய்வு முடிவுகள் 2008-இல் வெளியாயின.

ஆகவே உங்களுடையதில் பார்க்க வேண்டிய இடங்கள் மெருகேறிய நெற்றியல்ல. மெருகு போடும்போது தடயம் அழிந்துபோகும். கண்குழியின் உள்மூலை, பற்களுக்கு இடையிலுள்ள கோடு, துளை இருந்தால் அதன் அடி, இங்கேதான் கருவியின் தடம் தங்கும். கோடு நேராக, ஒரே ஆழத்தில், இரண்டு முனையிலும் படகு போல மெலிந்து முடிந்தால் அது சக்கரம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து அந்த மூன்று இடங்களையும் நெருக்கத்தில் படமெடுத்து அனுப்புங்கள். நிறத்துக்காக இல்லை என்பதால், இந்தப் படங்களை நான் பார்க்கிறேன்.